பைதான் பேக்கேஜ் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' அடித்து விழுந்தால்: காரணத்தைத் தேடிப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

பைதானில் ஏதாவது தப்பு நடந்தால் வழக்கமாக ஒரு ட்ரேஸ்பேக் வரும். எந்த ஃபைல், எந்த வரி, என்ன எர்ரர் என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் உள்ளே சி-யிலோ சி பிளஸ் பிளஸ்ஸிலோ எழுதிய நேட்டிவ் கோடு இருந்து, அதன் மேல் மெல்லிய பைதான் போர்வை போர்த்திய பேக்கேஜ் என்றால் அந்த வசதி கிடையாது. டெர்மினலில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒரே ஒரு வரி வரும், சில நேரம் அதுவும் வராமல் புரோகிராம் பாதியிலேயே காணாமல் போயிருக்கும். ட்ரை, எக்செப்ட் போட்டும் பிடிக்க முடியாது, ஏனென்றால் இது பைதான் எக்செப்ஷனே இல்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம் மொத்த பிராசஸையும் அப்படியே நிறுத்திவிடுகிறது.

இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலோர் முதலில் செய்வது பேக்கேஜை நீக்கிவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்வது. தயவுசெய்து அதை உடனே செய்யாதீர்கள். எந்த வெர்ஷன்கள் சேர்ந்து இந்த நிலைமையை உண்டாக்கின என்ற தடயம் அதோடு அழிந்துபோகும். அதைவிட மோசம், மெமரி அமைப்பு கொஞ்சம் மாறியதால் கிராஷ் தற்காலிகமாக ஒளிந்துகொள்ளும், சரியாகிவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம், அப்புறம் அது சர்வரில் போய் விழும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு விஷயத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: விழுந்த இடம் வேறு, உடைந்த இடம் வேறு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, நேட்டிவ் கோடில் அது அடிக்கடி நடப்பது. அதனால்தான் படிகளை இந்த வரிசையில் வைத்திருக்கிறேன். செலவில்லாதவை முதலில், நேரம் பிடிப்பவை கடைசியில்.

படி 1: எப்படி விழுந்தது என்று கேளுங்கள்

லினக்ஸிலோ மேக்கிலோ இருந்தால், புரோகிராம் விழுந்த உடனே, வேறு எந்த கமாண்டும் கொடுப்பதற்கு முன்னால் எக்ஸிட் கோடைப் பாருங்கள் ('எக்கோ' போட்டு, டாலர் குறியும் கேள்விக்குறியும் ஒட்டி). இந்த ஒரு எண்ணே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். ஷெல்லில் 128-ஐக் கழித்தால் மிஞ்சுவது சிக்னல் எண்.

139 வந்தால் சிக்னல் 11, அதாவது உண்மையான செக்ஃபால்ட்: தனக்குச் சொந்தமில்லாத மெமரி முகவரியைத் தொட்டிருக்கிறது. 134 என்றால் சிக்னல் 6, அபார்ட். இது வேறு வகை. யாரோ ஒருவர் தப்பைக் கண்டுபிடித்து, தெரிந்தே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த யாரோ லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியாக இருக்கலாம், சி பிளஸ் பிளஸ் ரன்டைமாக இருக்கலாம், பைதானே கூட இருக்கலாம். அதனால் 134 வந்தால் சற்று மேலே ஸ்க்ரோல் செய்து பாருங்கள், காரணத்தைச் சொல்லும் ஒரு வரி அநேகமாக இருக்கும். 132 என்றால் உங்கள் பிராசஸருக்குத் தெரியாத இன்ஸ்ட்ரக்ஷன் ஒன்றை ஓட்டப் பார்த்திருக்கிறது. 136 பெரும்பாலும் சி கோடில் முழு எண்ணைப் பூஜ்ஜியத்தால் வகுத்த கதை.

137-க்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது சிக்னல் 9. வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் மெமரி தீர்ந்துபோய் கர்னலே கொன்றிருக்கும். கர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' கமாண்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், கன்டெய்னரில் ஓட்டினால் அதன் மெமரி வரம்பையும் பாருங்கள். இருந்தால் இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி உங்களுக்குத் தேவையே இல்லை, தப்பான பாயின்டரை (மெமரி முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்) தேடி அலையாதீர்கள்.

பைதானின் சப்பிராசஸ் மாட்யூல் வழியாக ஓட்டியிருந்தால் இதே விஷயம் மைனஸ் எண்ணாக வரும், செக்ஃபால்ட் என்றால் மைனஸ் 11. விண்டோஸில் 3221225477 என்ற நீளமான எண் வந்தால் அது 'ஆக்சஸ் வயலேஷன்', செக்ஃபால்டின் விண்டோஸ் பெயர்.

லினக்ஸில் 'டிமெஸ்ஜி' செக்ஃபால்டுக்கும் ஒரு வரி எழுதி வைக்கும். எந்த முகவரியைத் தொட்டது, எந்த லைப்ரரிக்குள் இருந்தபோது தொட்டது என்று அதில் இருக்கும். முகவரி 0 அல்லது 8, 16, 24 மாதிரி சின்ன எண்ணாக இருந்தால் நல் பாயின்டர், அதாவது எதையும் காட்டாத வெற்று முகவரி: ஏதோ ஒரு ஃபங்ஷன் தோல்வியடைந்து நல் திருப்பித் தந்திருக்கிறது, அதைச் சோதிக்காமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். தாறுமாறான பெரிய எண்ணாக இருந்தால் விடுவித்த மெமரி, வெட்டுப்பட்ட பாயின்டர், எல்லை தாண்டி எழுதியது என்று சந்தேகம் போக வேண்டும். அதே வரியில் 'எர்ரர் 4' என்றிருந்தால் படிக்கும்போது விழுந்தது, 'எர்ரர் 6' என்றால் எழுதும்போது.

படி 2: சூழலை எழுதி வையுங்கள்

இரண்டு நிமிட வேலை. பைதானின் முழு வெர்ஷன், ஆப்பரேட்டிங் சிஸ்டம், பிராசஸர் வகை, 'பிப் ஃப்ரீஸ்' தரும் பட்டியல், கான்டா வைத்திருந்தால் அதன் பட்டியல், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். பிறகு எதை மாற்றினாலும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

படி 3: ஃபால்ட்ஹேண்ட்லரை எழுப்புங்கள்

பைதான் 3.3 முதல் 'ஃபால்ட்ஹேண்ட்லர்' என்ற மாட்யூல் கூடவே வருகிறது. இவ்வளவு நல்ல கருவி ஏன் தானாகவே ஓடுவதில்லை என்று எனக்கு இன்றும் வருத்தம்தான். அதை எழுப்ப மூன்று வழி: பைதானைத் தொடங்கும்போது ஹைஃபன் பெரிய எக்ஸ் ஆப்ஷனோடு 'ஃபால்ட்ஹேண்ட்லர்' என்று கொடுக்கலாம், அல்லது 'பைதான்ஃபால்ட்ஹேண்ட்லர்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளை, எல்லாம் கேப்பிடல் எழுத்தில், 1 என்று வைக்கலாம், அல்லது ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே மாட்யூலை இம்போர்ட் செய்து 'எனேபிள்' ஃபங்ஷனை அழைக்கலாம். நான் விரும்புவது என்விரான்மென்ட் வேரியபிள், ஏனென்றால் உள்ளே கிளம்பும் துணை பிராசஸ்களுக்கும் அது போய்ச் சேரும்.

இப்போது விழும்போது பைதான் பக்கத்து ட்ரேஸ்பேக் வரும். வழக்கமான ட்ரேஸ்பேக்குக்கு இது தலைகீழ்: கடைசியாக அழைத்தது மேலே இருக்கும். இதைக் கவனிக்காமல் கீழ் வரியைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. பல த்ரெட்கள் இருந்தால் 'கரன்ட் த்ரெட்' என்று குறித்த பகுதியை முதலில் பாருங்கள். புதிய பைதான் வெர்ஷன்களில் அடியில் லோடாகியிருந்த எக்ஸ்டென்ஷன் மாட்யூல்களின் பட்டியலும் வரும், அதைப் பத்திரமாக வையுங்கள், படி 5-இல் தேவைப்படும்.

நோட்புக்கில் வேலை செய்பவர்களுக்கு: 'கர்னல் செத்துவிட்டது' என்ற பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. அந்த செல்களை ஒரு ஸ்கிரிப்டாக மாற்றி டெர்மினலில் ஓட்டுங்கள். பைடெஸ்ட் பயன்படுத்துகிறவர்களுக்குக் கவலை இல்லை, அதன் 5.0 வெர்ஷனிலிருந்து ஃபால்ட்ஹேண்ட்லரை அதுவே எழுப்பிவிடுகிறது.

விழாமல் அப்படியே உறைந்து நிற்கிறது என்றால் அதே மாட்யூலில் 'டம்ப் ட்ரேஸ்பேக் லேட்டர்' என்ற ஃபங்ஷன் உண்டு. 30 வினாடி என்று கொடுத்தால், அதற்குள் வேலை முடியாவிட்டால் எல்லா த்ரெட்களும் எங்கே நிற்கின்றன என்று எழுதிவிடும்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. ட்ரேஸ்பேக் ஒரு வரியைக் காட்டியதும் குற்றவாளி கிடைத்துவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம். அந்த வரி ஒரு நேட்டிவ் ஃபங்ஷனை அழைக்கும் வரியாக இருந்தால் சந்தேகம் நியாயம். வெறும் லிஸ்ட் உருவாக்குவது, டிக்ஷனரியில் போடுவது மாதிரி அப்பாவி வரியில் விழுந்திருந்தால், அல்லது 'கார்பேஜ் கலெக்டிங்' (பயன்படாத ஆப்ஜெக்ட்களைத் துடைக்கும் வேலை) என்று எழுதியிருந்தால், மெமரியை வேறு யாரோ எப்போதோ கெடுத்துவிட்டார்கள், பைதான் இப்போதுதான் அதில் கால் வைத்து விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட வழக்கில் படி 8, 9 இரண்டும்தான் உங்களுக்கு.

படி 4: சின்னதாக்குங்கள்

பெரிய புரோகிராமில் கிராஷைத் தேடுவது வீண். டேட்டாவைப் பாதியாகக் குறையுங்கள், இன்னும் விழுகிறதா? தேவையில்லாத இம்போர்ட்களை நீக்குங்கள், இன்னும் விழுகிறதா? ஒரு இம்போர்டை நீக்கியதும், அல்லது இரண்டு இம்போர்ட்களின் வரிசையை மாற்றியதும் கிராஷ் நின்றுபோனால் அது பெரிய தடயம், இரண்டு லைப்ரரிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

த்ரெட்களை ஒன்றாக்கிப் பாருங்கள். பெரும்பாலான கணக்கு லைப்ரரிகள் 'ஓஎம்பி நம் த்ரெட்ஸ்' என்ற வேரியபிளை மதிக்கும், அதை 1 என்று வையுங்கள் (பெயரில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு, எல்லாம் கேப்பிடல்). ஒரு த்ரெட்டில் விழாமல் எட்டில் மட்டும் விழுந்தால் பந்தயச் சிக்கல் (த்ரெட்கள் முந்திக்கொண்டு ஒரே மெமரியைத் தொடுவது), அல்லது த்ரெட் ஸ்டாக் போதவில்லை.

எப்போதாவது மட்டும் விழுகிற வகை என்றால் ஷெல் லூப்பில் போட்டு நூறு முறை ஓட்டி எத்தனை முறை விழுகிறது என்று எண்ணுங்கள். இந்த எண்ணிக்கை முக்கியம். நூற்றில் ஐந்து முறை விழுவதை ஏதோ மாற்றிவிட்டு, பத்து முறை ஓட்டி, விழவில்லை, சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

படி 5: பைனரி பொருத்தம் பாருங்கள்

உங்கள் கோடில் தப்பே இல்லாமல் விழுகிற வழக்குகளில் பெரும்பங்கு இங்கேதான் மாட்டும். அதுவும் இம்போர்ட் செய்யும்போதே விழுந்தால் நேராக இந்தப் படிக்கு வந்துவிடலாம்.

நேட்டிவ் பேக்கேஜ் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பைதான் வெர்ஷன், குறிப்பிட்ட ஆப்பரேட்டிங் சிஸ்டம், குறிப்பிட்ட பிராசஸருக்காக கம்பைல் ஆகி வருகிறது. வீல் என்ற ரெடிமேட் பேக்கேஜ் ஃபைலின் பெயரிலேயே இவை எழுதியிருக்கும்: சிபி312 என்றால் சிபைதான் 3.12, 'மெனிலினக்ஸ் 2014' என்றால் ஜிலிப்சி 2.17-ம் அதற்கு மேலும். ஆல்பைன் லினக்ஸ் ஜிலிப்சிக்குப் பதில் மசல் என்ற வேறு சி லைப்ரரியை வைத்திருப்பதால் அதற்கு 'மசல்லினக்ஸ்' வீல் வேண்டும். பிப் இதையெல்லாம் பார்த்துத்தான் எடுக்கும், ஆனால் ஒரு மெஷினில் இன்ஸ்டால் செய்த ஃபோல்டரை அப்படியே இன்னொரு மெஷினுக்கு, அல்லது வேறு அடிப்படை இமேஜ் உள்ள கன்டெய்னருக்கு காப்பி செய்தால் இந்தக் காவல் எல்லாம் தாண்டிப் போய்விடும். அப்படிச் செய்திருந்தால் அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும்.

அடுத்தது நம்பை, எண் அரேக்களுக்கான லைப்ரரி. 2024 ஜூனில் வந்த நம்பை 2.0, தன் பைனரி இன்டர்ஃபேஸை மாற்றியது. 1.எக்ஸ் வெர்ஷனை வைத்து கம்பைல் செய்த எக்ஸ்டென்ஷன்கள் 2.0-வோடு ஓடாது. பெரும்பாலும் தெளிவான எச்சரிக்கை வரும், சில நேரம் 'டிடைப் சைஸ் சேஞ்ச்டு' என்ற எர்ரர் வரும், அதுவும் இல்லாமல் விழுவதும் உண்டு. 'பிப் செக்' இதைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். பேக்கேஜ் எழுதியவர் எழுதி வைத்த வெர்ஷன் வரம்புகளை மட்டுமே அது சரிபார்க்கும், பைனரிக்குள் எட்டிப் பார்க்காது.

கான்டாவில் பாதி, பிப்பில் பாதி என்று ஒரே சூழலில் கலந்திருந்தால் சுத்தமான புதிய சூழல் ஒன்றை உருவாக்கி, ஒரே வழியில் எல்லாவற்றையும் போட்டு, சின்ன ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். பழைய சூழலை அழிக்காதீர்கள், அது சாட்சி.

லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க லினக்ஸில் 'எல்டிடி', மேக்கில் 'ஓடூல்' பெரிய எல் ஆப்ஷனோடு. பேக்கேஜின் ஃபோல்டரில் உள்ள, 'எஸ்ஓ' என்று முடியும் ஃபைலைக் கொடுத்தால் அது சார்ந்திருக்கும் லைப்ரரிகள் பட்டியலாக வரும். 'நாட் ஃபவுண்ட்' இருந்தால் கதை முடிந்தது. எல்லாம் கிடைத்திருந்தாலும் எந்தப் பாதையிலிருந்து என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். யாரோ எப்போதோ வைத்த 'எல்டி லைப்ரரி பாத்' வேரியபிள் காரணமாகப் பழைய லைப்ரரி வந்து உட்கார்ந்திருக்கும். விண்டோஸில் ஒரு மாற்றம் தெரிந்திருக்க வேண்டும்: பைதான் 3.8-லிருந்து எக்ஸ்டென்ஷன் சார்ந்த டிஎல்எல்களை 'பாத்' வேரியபிளில் தேடுவதில்லை, 'ஆட் டிஎல்எல் டைரக்டரி' என்ற ஃபங்ஷன் வழியாக நாம்தான் சொல்ல வேண்டும்.

எக்ஸிட் கோடு 132 வந்திருந்தால் பிராசஸர் எந்த வசதிகளைத் தருகிறது என்று 'எல்எஸ்சிபியு'வில் பாருங்கள். டென்சர்ஃப்ளோ 1.6 முதல் அதன் ரெடிமேட் பைனரிகள் ஏவிஎக்ஸ் இன்ஸ்ட்ரக்ஷன்களைப் பயன்படுத்தத் தொடங்கியபோது பழைய பிராசஸர்களில் இம்போர்டிலேயே விழுந்தது இந்த வகைதான். விர்ச்சுவல் மெஷினில் இன்னும் குழப்பம், உண்மையான பிராசஸரில் இருக்கும் வசதியை விர்ச்சுவல் மெஷின் மறைத்துவிடலாம்.

(நோட் ஜேஎஸ், ரூபி பக்கம் இருப்பவர்களுக்கும் இந்தப் படி அப்படியே பொருந்தும். நோட்டில் மாட்யூல் வெர்ஷன் எண் பொருந்தவில்லை என்று நேரடியாகவே திட்டும், 'ரீபில்ட்' செய்தால் தீரும். ரூபி விழும்போது சி பக்கத்து பேக்ட்ரேஸையும் சேர்த்தே அச்சிடும், பாதி வேலை மிச்சம்.)

படி 6: இரட்டை லைப்ரரியும் ஃபோர்க்கும்

ஒரே லைப்ரரியின் இரண்டு காப்பிகள் ஒரே பிராசஸுக்குள் லோடாவது, நான் பார்த்தவற்றில் மிக அதிகமாக நேரத்தைத் தின்னும் வகை. ஒவ்வொரு வீலும் தனக்குத் தேவையானதைத் தன்னோடு மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது, அதனால் கணக்கைப் பல த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓபன்எம்பி ரன்டைம் மட்டும் இரண்டு மூன்று காப்பி உள்ளே வந்துவிடும். இன்டெல் ரன்டைம் இதைக் கண்டால் 'எர்ரர் 15' என்று சொல்லி நிறுத்திவிடும். இணையத்தில் தேடினால் 'கேஎம்பி டூப்ளிகேட் லிப் ஓகே' வேரியபிளை 'ட்ரூ' என்று வைக்கச் சொல்வார்கள். அந்த எர்ரர் செய்தியே, இது பாதுகாப்பற்றது, கிராஷ் ஆகலாம், சத்தமில்லாமல் தவறான விடையும் தரலாம் என்று எச்சரிக்கிறது. தவறான விடை கிராஷைவிடக் கெட்டது. சோதனைக்கு ஒரு முறை வைத்துப் பாருங்கள், நிரந்தரமாக வைக்காதீர்கள். 'த்ரெட்பூல்சிடிஎல்' என்ற சின்ன பேக்கேஜ் எந்தெந்தக் காப்பி எங்கிருந்து லோடாகியிருக்கிறது என்று பட்டியலிடும், அதைப் பார்த்து ஒரே மூலத்திலிருந்து வரும் பேக்கேஜ்களுக்கு மாறுவதே தீர்வு.

அப்புறம் ஃபோர்க், அதாவது ஓடும் பிராசஸை அப்படியே நகலெடுத்துக் குழந்தை பிராசஸ் உருவாக்குவது. லினக்ஸில் மல்டிபிராசஸிங் மாட்யூல் பைதான் 3.13 வரைக்கும் இயல்பாக ஃபோர்க் செய்தது, 3.14-இல் ஃபோர்க்சர்வர் ஆனது, மேக்கில் 3.8-லிருந்தே ஸ்பான், அதாவது நகலெடுக்காமல் புதிதாகத் தொடங்குவது. ஃபோர்க் செய்யும்போது மெமரி மொத்தமும் காப்பியாகும், ஆனால் த்ரெட்களில் ஃபோர்க்கை அழைத்த ஒன்று மட்டுமே குழந்தை பிராசஸுக்குப் போகும். மற்ற த்ரெட் பிடித்து வைத்திருந்த பூட்டு, பூட்டியபடியே குழந்தைக்குக் கிடைக்கும், திறக்க ஆள் இல்லை. நேட்டிவ் லைப்ரரி உள்ளே தனக்கென்று த்ரெட்கள் வைத்திருந்தால் உறையும், அல்லது விழும். தொடங்கும் முறையை 'ஸ்பான்' என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். விழுவது நின்றால் காரணம் இதுவே.

படி 7: ஜிடிபிக்குள் போங்கள்

ஜிடிபி என்ற டிபக்கர் என்றாலே பலருக்குத் தயக்கம். இதற்குத் தேவை நான்கு கமாண்டுகள்தான். ஜிடிபியை 'ஆர்க்ஸ்' ஆப்ஷனோடு தொடங்கி, பைதானையும் உங்கள் ஸ்கிரிப்டையும் கொடுங்கள். உள்ளே போனதும் 'ரன்'. விழுந்ததும் 'பிடி', அதாவது பேக்ட்ரேஸ். பிறகு 'த்ரெட் அப்ளை ஆல் பிடி', எல்லா த்ரெட்களுக்கும். பைதானுக்கான ஜிடிபி துணைக் கோப்பு இருந்தால் 'பை ஹைஃபன் பிடி' பைதான் வரிகளையும் காட்டும். மேக்கில் எல்எல்டிபி, இதே மாதிரிதான். சிஸ்டத்தோடு வரும் பைதானை அது தொட விடாது, உங்களுடைய தனி பைதானில் ஓட்டுங்கள்.

வந்த பேக்ட்ரேஸை எப்படிப் படிப்பது? உச்சியில் 'மெம்காப்பி' அல்லது 'ஸ்டர்லென்' இருந்தால் அவை மேல் தப்பில்லை, அவற்றுக்குத் தப்பான பாயின்டரைக் கொடுத்தவர் யார் என்று ஒரு படி கீழே பாருங்கள். உச்சியில் 'மாலாக்', 'ஃப்ரீ', அல்லது பைதானின் கார்பேஜ் கலெக்டர் இருந்தால் ஹீப் (புரோகிராம் ஓடும்போது வாங்கி விடுவிக்கும் மெமரிப் பகுதி) ஏற்கெனவே கெட்டுவிட்டது. இந்த பேக்ட்ரேஸில் உட்கார்ந்து தேடினால் விடை கிடைக்காது, படி 9-க்குப் போங்கள். ஒரே ஃபங்ஷன் ஆயிரக்கணக்கான வரிகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்டாக் நிரம்பி வழிந்திருக்கிறது, யாராவது 'செட் ரிகர்ஷன் லிமிட்' வைத்து எல்லையை ஏற்றியிருக்கிறார்களா என்று தேடுங்கள். மசலில் புதிய த்ரெட்டுக்கு இயல்பாகக் கிடைக்கும் ஸ்டாக் வெறும் 128 கேபி, ஜிலிப்சியில் வழக்கமாக 8 எம்பி. ஆல்பைனில் மட்டும் விழுகிற மர்மங்களுக்கு இது ஒரு காரணம்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் டிபக் தகவல் இல்லை என்று பொருள். 'சிஃபிளாக்ஸ்' வேரியபிளில் ஹைஃபன் ஜி-யும், ஆப்டிமைசேஷனைக் குறைக்க ஹைஃபன் பெரிய ஓ 0-வும் வைத்து, பிப்பிடம் ரெடிமேட் வீல் வேண்டாம், சோர்ஸிலிருந்து கட்டு என்று 'நோ பைனரி' ஆப்ஷனில் சொல்லுங்கள்.

திரும்ப நடத்திக் காட்ட முடியாத கிராஷ் என்றால் கோர் டம்ப், அதாவது விழுந்த நேரத்து மெமரியின் நகல் ஃபைல், வேண்டும். 'யுலிமிட்' கமாண்டில் ஹைஃபன் சி போட்டு 'அன்லிமிடெட்' என்று வையுங்கள். சிஸ்டம்டி உள்ள மெஷின்களில் 'கோர்டம்ப்சிடிஎல்' அதைச் சேமித்து வைத்திருக்கும், அங்கிருந்தே ஜிடிபியைத் திறக்கலாம். கன்டெய்னரில் கோர் டம்ப் எங்கே போகிறது என்பதை முடிவு செய்வது ஹோஸ்ட் மெஷினின் கர்னல் செட்டிங், உள்ளே தேடிக் கிடைக்கவில்லையென்றால் வெளியே பாருங்கள்.

படி 8: போர்வையை நீங்களே எழுதியிருந்தால்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சி ஃபங்ஷன்களை பைதானிலிருந்தே அழைக்க உதவும் சிடைப்ஸ் மாட்யூலைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது 'ரெஸ்டைப்'. நீங்கள் சொல்லாவிட்டால் எல்லா சி ஃபங்ஷனும் 'இன்ட்' திருப்பித் தருகிறது என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். அந்த ஃபங்ஷன் உண்மையில் பாயின்டர் தந்தால், 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டு 32 பிட் மட்டும் உங்கள் கைக்கு வரும். கொடுமை என்னவென்றால் இது எப்போதும் விழாது. சில பைதான் பில்டுகளில் ஹீப் சின்ன முகவரிகளில் அமைந்துவிடும், 2 ஜிபிக்குள் அடங்கிய முகவரி வெட்டினாலும் மாறாது. என் மெஷினில் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடிய ஒரு போர்வை, சர்வரில் முதல் அழைப்பிலேயே விழுந்தது இதனால்தான். இரண்டு நாள் சர்வரைச் சந்தேகப்பட்டேன். சரி செய்ய ஆனது ஒரே வரி: 'ரெஸ்டைப்'பில் 'சி வாய்ட் பி'. 'ஆர்க்டைப்ஸ்'ஸையும் கூடவே எழுதுங்கள், இல்லையென்றால் உள்ளே அனுப்பும் முகவரியும் அதே மாதிரி வெட்டுப்படும்.

அடுத்து, ஆயுள். சி பக்கத்துக்கு ஒரு கால்பேக் கொடுத்தீர்கள் என்றால், பைதானில் அந்தக் கால்பேக் ஆப்ஜெக்டை யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டும். அழைக்கும் இடத்திலேயே உருவாக்கி அனுப்பிவிட்டால், அந்த வரி முடிந்ததும் பைதான் அதைத் துடைத்துவிடும், சி பக்கம் பிறகு அழைக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. நம்பை அரேயின் டேட்டா முகவரியை எடுத்து அனுப்பும்போதும் இதே கதை, தற்காலிக அரேயின் முகவரி என்றால் அரே போனதும் முகவரி வெறும் எண்.

அரேயின் வகையும் வடிவமும் இன்னொரு பொறி. சி ஃபங்ஷன் 8 பைட் டபுள் எழுதுகிறது, நீங்கள் கொடுத்ததோ 4 பைட் ஃப்ளோட்32 அரே. ஆயிரம் எண்ணுக்கு 4000 பைட் இடம் இருக்க, 8000 பைட் எழுதிவிடும். மிச்சம் 4000 பைட் பக்கத்தில் இருக்கும் யாருடைய மெமரியிலோ போய் விழும். அந்த நேரத்தில் ஒன்றும் ஆகாது. பத்து நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு ஸ்ட்ரிங்கை விடுவிக்கும்போது விழும். வெட்டி எடுத்த ஸ்லைஸும் பல நேரம் மெமரியில் தொடர்ச்சியாக இருக்காது, அதைத் தொடர்ச்சி என்று நம்பும் சி கோடு எல்லை தாண்டும். போர்வையின் வாசலிலேயே 'அஸ்கான்டிகுவஸ்அரே' வைத்து வகையையும் தொடர்ச்சியையும் கட்டாயமாக்குங்கள். அது வேகத்தைக் குறைக்கும் என்று தயங்க வேண்டாம், ஏற்கெனவே சரியாக இருக்கும் அரேயை அது காப்பி செய்வதில்லை.

பைதானின் சி ஏபிஐயில் நேரடியாக எழுதுகிறீர்கள் என்றால் ரெஃபரன்ஸ் கணக்கு, அதாவது ஒரு ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. 'பைலிஸ்ட் கெட்ஐட்டம்' தருவது கடன் வாங்கிய ரெஃபரன்ஸ், அதை நீங்கள் குறைக்கக் கூடாது. 'பைலிஸ்ட் செட்ஐட்டம்' உங்கள் ரெஃபரன்ஸைத் தானே எடுத்துக்கொள்ளும், அதன் பிறகும் குறைக்கக் கூடாது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் ஆப்ஜெக்ட் நேரத்துக்கு முன்பே போய்விடும். எந்த ஃபங்ஷன் எந்த வகை என்று டாக்குமென்டேஷனில் ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிறது, ஊகிக்காமல் பாருங்கள்.

ஜிஐஎல், அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைதான் கோடை ஓட்ட விடும் பூட்டு, பற்றி ஒன்றுதான்: அதை விட்டுவிட்ட பகுதிக்குள் எந்த பைதான் ஆப்ஜெக்டையும் தொடக்கூடாது, சி த்ரெட்டிலிருந்து பைதானை அழைக்கும் முன் 'பைஜில்ஸ்டேட் என்ஷ்யூர்' வேண்டும்.

படி 9: கெடுத்தவரைக் கையும் களவுமாகப் பிடிக்க

முதலில் எளியது. ஹைஃபன் பெரிய எக்ஸ் 'டெவ்' என்ற ஆப்ஷனோடு பைதானை ஓட்டுங்கள், 3.7 முதல் உண்டு. ஃபால்ட்ஹேண்ட்லரும் மெமரி சோதனையும் சேர்ந்து எழும். விடுவித்த மெமரியை 'டிடி' என்ற ஹெக்ஸ் பைட்டால் நிரப்பி, ஒவ்வொரு துண்டின் இரு பக்கமும் 'எஃப்டி' வேலி போடும். ஜிடிபியில் ஒரு பாயின்டர் முழுக்க 'டிடி டிடி டிடி' என்று தெரிந்தால் விடுவித்த மெமரியைத் தொட்டிருக்கிறார்கள், சந்தேகமே வேண்டாம்.

அது போதவில்லையென்றால் அட்ரஸ் சானிடைசர், மெமரித் தப்புகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதி. எக்ஸ்டென்ஷனை அந்த ஃபிளாகோடு கம்பைல் செய்து, அதன் ரன்டைம் லைப்ரரியை 'எல்டி பிரீலோட்' வழியாக முதலில் லோட் செய்ய வேண்டும், ஏனென்றால் பைதான் அதோடு கம்பைல் ஆகவில்லை. 'பைதான்மாலாக்' வேரியபிளை 'மாலாக்' என்று வையுங்கள். இதை விட்டுவிட்டால், 512 பைட் வரையுள்ள சின்ன துண்டுகளை பைதான் தன் சொந்த மூட்டையிலிருந்து பிரித்துக் கொடுப்பதால் சானிடைசர் கண்ணுக்கு அவை படாது. மெமரி கசிவு அறிக்கையை அணைத்துவிடுங்கள், பைதான் வெளியேறும்போது விட்டுச்செல்லும் மிச்சங்கள் திரையை நிரப்பிவிடும். இவ்வளவு செய்ததும் கிடைக்கும் அறிக்கை அருமையானது: எங்கே எல்லை தாண்டியது, அந்த மெமரியை யார் வாங்கினார்கள், யார் விடுவித்தார்கள், மூன்றும் வரி எண்ணோடு. உடைந்த இடம் நேரடியாகத் தெரிவது இங்கேதான்.

சோர்ஸ் இல்லை, கம்பைல் செய்ய முடியாது என்றால், திரும்பக் கம்பைல் செய்யாமலே மெமரியைச் சோதிக்கும் வேல்கிரைண்ட். மிக மெதுவாக ஓடும், பத்து மடங்குக்கு மேல் இழுக்கும், படி 4-இல் சின்னதாக்கியதன் பலன் இங்கே தெரியும்.

படி 10: சரியாகும் வரைக்கும்

மற்றவர் எழுதிய பேக்கேஜ் என்றால் அவருக்குத் தெரிவியுங்கள். சின்ன ஸ்கிரிப்ட், படி 2-இன் பட்டியல், ஃபால்ட்ஹேண்ட்லர் வெளியீடு, ஜிடிபி பேக்ட்ரேஸ், நூற்றில் எத்தனை முறை விழுகிறது என்ற எண்ணிக்கை, இவை எல்லாம் போக வேண்டும். எந்த வெர்ஷன் வரை விழவில்லை என்றும் இரண்டு மூன்று பழைய வெர்ஷன்களைப் போட்டுப் பார்த்துச் சொன்னால் அவர்களுக்குப் பெரிய உதவி. கோர் டம்பை மட்டும் பொதுவில் போடாதீர்கள், அதற்குள் பாஸ்வேர்ட், டோக்கன் என்று மெமரியில் இருந்த எல்லாமே இருக்கும்.

அதுவரை வேலை நிற்கக் கூடாது என்றால் அந்த நேட்டிவ் அழைப்பைத் தனி பிராசஸில் ஓட்டுங்கள். 'பிராசஸ்பூல் எக்ஸிக்யூட்டர்' பயன்படுத்தினால், தொழிலாளி பிராசஸ் விழும்போது முதன்மை புரோகிராமுக்கு 'புரோக்கன் பிராசஸ் பூல்' என்ற சாதாரண எக்செப்ஷன் வரும். இதை ட்ரை, எக்செப்டில் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பூல் அதோடு போனது, புதிதாக ஒன்று உருவாக்கி, விழ வைத்த உள்ளீட்டை மட்டும் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைத் தொடருங்கள். ஒதுக்கிய உள்ளீட்டை ஒரு ஃபைலில் சேமியுங்கள், திருத்திய வெர்ஷன் வந்ததும் முதல் டெஸ்ட் அதுதான்.